மரத்தொட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு தச்சன் சொல்ல வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் தோட்டத்து வீட்டுக் குளியலறைகள் பற்றி வந்த பக்கத்தைப் படித்தேன். கருங்கல் தரை, சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரைக்குக் கீழே வட்டமாக ஒரு மரத்தொட்டி. பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் பக்கத்தை மடித்து எடுத்துக்கொண்டு இரண்டு பேர் என் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். "இதே மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க" என்றார் ஒருவர். இன்னொருவர் வெளியூரிலிருந்து வரவழைக்க முன்பணமே கட்டிவிட்டார். குளியலறையில் எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்க வந்திருந்தார். அது என்ன மரம் என்று இருவரையும் கேட்டேன். தெரியவில்லை. வருசத்தில் எத்தனை நாள் அதில் தண்ணீர் நிற்கும் என்று கேட்டேன். அதை அவர்கள் யோசிக்கவே இல்லை. உங்கள் பக்கத்திலும் இந்த இரண்டைப் பற்றியும் ஒரு வரி இல்லை. அதனால் எழுதுகிறேன்.

காங்கேயத்துக்குத் தெற்கே தாராபுரம் சாலையில் எனக்குப் பட்டறை. வயது 61. அப்பா வண்டிப்பட்டறை வைத்திருந்தார். குடம், ஆரக்கால், வட்டை என்று மரவேலை எல்லாம் முடிந்த பிறகு இரும்புப் பட்டாவை வறட்டி மூட்டத்தில் சிவக்கக் காய்ச்சிச் சக்கரத்தின் மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பங்குனி சித்திரையில் வண்டி ஓடாமல் வெயிலில் நின்றால் மரம் சுருங்கிப் பட்டா ஆட ஆரம்பித்துவிடும். லொடலொடவென்று சத்தத்தோடு வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் அப்பா உளியையே எடுக்க மாட்டார். "கொண்டுபோயித் தொட்டித் தண்ணியில ஊறப் போடு" என்று அனுப்பிவிடுவார். ஊறியெடுத்த சக்கரத்தில் பட்டாவைக் கையால் அசைக்க முடியாது.

வட்ட மரத்தொட்டியும் இதே வேலைதான். ஒன்றரை அங்குலக் கனத்தில் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, ஓரங்களைச் சரிவாக இழைத்து ஒன்றோடொன்று பொருத்தி, வெளியே இரண்டோ மூன்றோ பட்டா போட்டு இறுக்குகிறோம். ஆணி கிடையாது, பசை கிடையாது. தண்ணீர் ஊற்றினால் பலகைகள் உப்பும். வெளியே பட்டா விடாது. அதனால் ஒன்றையொன்று நெருக்கி இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஜப்பான்காரர்கள் ஹினோக்கி என்கிற மரத்தில் ஒஃபுரோ என்ற தொட்டி செய்து தலைமுறை தலைமுறையாகக் குளிக்கிறார்கள். அங்கே அது ஓயாமல் நனைந்துகொண்டே இருக்கிறது. நம் ஊர்த் தோட்டத்து வீடுகளோ பொங்கலுக்கும் மே மாத விடுமுறைக்கும்தான் திறக்கின்றன.

போன வருசம் சித்திரையில் அமராவதிக் கரையோரம் ஒரு தோட்டத்து வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். வீட்டுக்காரர்கள் கோவையில் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பி, லாரியில் வந்து இறங்கிய தேக்குத் தொட்டி. பொங்கலுக்குக் குளித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டு, நன்றாகத் துடைத்து, ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மரச்சாமான் ஆயிற்றே, ஈரம் ஆகாது என்று நல்லெண்ணத்தில் செய்ததுதான். நான் போனபோது மூன்று பட்டாவும் கழன்று, கைமெலிந்தவர்களின் வளையல் நழுவுகிற மாதிரி, தரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பலகைகள் மட்டும் அடித்தட்டின் காடியைப் பிடித்துக்கொண்டு எப்படியோ நின்றன. உள்ளே தலையை விட்டுப் பார்த்தால் ஒவ்வொரு இடைவெளியிலும் வெளிச்சம். அடியில் ஓர் ஓணான் குடியிருந்தது.

அந்த வீட்டம்மா அழுகிற நிலையில் இருந்தார். "ஏனுங்க ஆசாரியாரே, இனி இதைக் கட்டுத்தறியில மாட்டுக்குத் தண்ணி காட்டத்தான் வெக்கோணுமுங்களா?" என்றார். "பொறுங்க அம்மிணி, மரம் சாகலை" என்றேன்.

மூன்றடி விட்டமுள்ள தொட்டி அது. சுற்றிலும் முப்பது பலகை. எங்கள் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். பலகைக்கு அரை நூல் சுருங்கினாலே மொத்தச் சுற்றளவில் ஏறத்தாழ இரண்டு அங்குலம் போய்விடும். பட்டா எங்கே நிற்கும்? பலகைகளைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிப் பட்டாவை மேலே ஏற்றி மெதுவாகத் தட்டினேன். ஈரச்சாக்கை உள்ளும் புறமும் சுற்றினேன். முதல் நாள் நான்கு அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டோம், அத்தனையும் ஒழுகிவிட்டது. மறுபடியும் விட்டோம். இரண்டாம் நாள் ஒழுக்கு சொட்டாக மாறியது. மூன்றாம் நாள் சாயங்காலம் கீழ்ப்பட்டாவுக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன், ஈரம் இல்லை. அந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட வேண்டியது தண்ணீரைத்தான்.

ஆனாலும் இரண்டு பலகைகளை மாற்ற வேண்டியிருந்தது. அவை தேக்குதான், ஆனால் வெள்ளை. மரத்தின் நடுவில் பழுப்பாக இருப்பது வைரம். பட்டையை ஒட்டி வெளுத்திருப்பது வெள்ளை. வைரத்தில் மரமே தனக்காக ஊற்றிவைத்த எண்ணெய்ச்சத்து இருக்கிறது. வெள்ளையில் அது இல்லை. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், கறையானும் ஏறும். அந்தப் பலகைகளின் அடியில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், பழைய வெல்லத்தில் இறங்குகிற மாதிரி இறங்கியது. இரண்டையும் சாயம் பூசி மற்றதோடு நிறம் சேர்த்திருந்தார்கள். ஆகவே தொட்டி வாங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சாயமும் வார்னிஷும் போடும் முன் மரத்தைப் பார்க்க வேண்டும் என்பதுதான். பார்க்கவிட மாட்டோம் என்றால் வாங்காதீர்கள். பலகையின் தலைப்பக்கத்தையும் பாருங்கள். வருச வளையங்கள் பலகையின் கனத்துக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்றால் நல்ல அறுப்பு. வளையங்கள் பலகையின் அகலத்தோடு படுத்துக் கிடந்தால் அந்தப் பலகை ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும், கிண்ணம் மாதிரி வளையவும் செய்யும்.

தேக்கு என்று சொன்னாலே போதும் என்று நினைக்கிறார்கள். டாப்சிலிப் என்ற பெயரே மலைமேலிருந்து மரங்களைச் சரித்துவிட்ட இடம் என்பதால் வந்தது. ஆனைமலைத் தேக்குக்கு அப்படிப்பட்ட பெயர். ஆனால் இப்போது பட்டறைக்கு வருவதில் பெரும்பகுதி வாய்க்கால் ஓரத்திலும் வேலியோரத்திலும் நட்டு, பதினைந்து இருபது வருசத்தில் வெட்டிய மரம். தண்ணீர் பாய்ந்து வேகமாகப் பெருத்த அந்த மரத்தில் வைரம் கையகலம் இருந்தால் அதிகம், மீதியெல்லாம் வெள்ளை. நிலை, கதவுக்கு அது போதும். தண்ணீர்த் தொட்டிக்கு ஆகாது. மரத்தை நேரில் பார்த்துப் பழக வேண்டும் என்கிறவர்கள் கோவையில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வரலாம். நம் மரவகைகளை அங்கே வைத்திருக்கிறார்கள். நான் என் மகனைக் கூட்டிக்கொண்டு போய் அரை நாள் நின்றேன்.

வேறு மரம் ஆகாதா என்று கேட்பார்கள். இங்கே நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். 2014இல் பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்கு முதன்முதலாகத் தொட்டி செய்தேன். வண்டிக்கு உகந்த மரம் என்று அப்பா சொன்ன நினைப்பில் கருவேலத்தை எடுத்தேன். பட்டாவும் வண்டிக்குப் போடுகிற மாதிரி இரும்பிலேயே போட்டேன். அழகாகத்தான் வந்தது. பத்து நாள் கழித்து அந்த வீட்டுப் பெரியவர் போனில் கூப்பிட்டார். தொட்டியில் தண்ணீர் கறுத்துப்போய்விட்டது, பேரனுக்குப் போர்த்திய வெள்ளைத் துண்டெல்லாம் மையாகக் கறை என்றார். ஓடிப் போய்ப் பார்த்தேன். பட்டா தொட்ட இடமெல்லாம் பலகையில் கறுப்புக் கோடு. இடுக்கு வழியே ஊறி உள்பக்கமும் இறங்கியிருந்தது. கருவேலம்பட்டையைத் தோல் பதனிட எடுப்பது நம் எல்லாருக்கும் தெரியும். அத்தனை துவர்ப்பு உள்ள மரம். அந்தத் துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மைதான். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கலந்து எழுதுகிற மை காய்ச்சினார்களே, அதே சேர்க்கை. வண்டிச் சக்கரம் கறுத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? குளிக்கிற தொட்டியில் கேட்பார்கள். அந்தத் தொட்டியை நான் திருப்பி எடுத்துக்கொண்டு, என் செலவிலேயே தேக்கில் வேறொன்று செய்துகொடுத்தேன். அன்றிலிருந்து இரும்பு ஆணி ஒன்றுகூட என் தொட்டிகளில் இல்லை. பட்டா செம்பில் போடலாம், எவர்சில்வரில் போடலாம். உப்புத்தண்ணி ஊர்களில் எவர்சில்வரிலும் 304 என்கிற ரகத்தில் புள்ளி புள்ளியாகத் துரு வரும். 316 என்கிற ரகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

பூவரசு நல்ல மரம், படகுக்கே ஆகிறது. நேரான பலகை நீளமாகக் கிடைப்பதுதான் கஷ்டம். குறுகிய பலகையாகச் சேர்த்தால் இரண்டடி உயர வட்டத்தொட்டிக்குப் போதும். வாகை, செக்குக்கு உகந்தது. அதை இழைக்கும்போது தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துவிடும், ஆனாலும் காய்ந்த வைரத்தில் தொட்டி செய்யலாம் என்பது என் எண்ணம். வேம்பு முறுக்கு நார், பிளக்கும். வேங்கையில் தண்ணீர் நிறம் மாறும். அதில் டம்ளர் செய்து ஊறின தண்ணீரைக் குடிக்கிறார்கள், ஆனால் வெள்ளை வேட்டி துண்டு இருக்கிற குளியலறைக்கு வேண்டாம். தென்னை மரத்தில் செய்யலாமா என்று பொள்ளாச்சிப் பக்கமிருந்து நிறையப் பேர் கேட்கிறார்கள். வெளிப்பக்கம்தான் உறுதி, உள்ளே போகப்போக மெத்தென்ற சோறு. தண்ணீருக்கு ஆகவே ஆகாது.

அதே தொட்டி பொள்ளாச்சி, ஆனைமலையில் ஒரு விதமாகவும் எங்கள் பக்கம் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வருகிற காற்று மழையை மலைப்பக்கமே கொட்டிவிட்டு எங்களுக்கு வெறுங்காற்றாகத்தான் வந்து சேர்கிறது. காயப்போட்ட வேட்டி அரைமணி நேரத்தில் முறுகிவிடும். ஜன்னல் திறந்த குளியலறையில் அந்தக் காற்று நேராகத் தொட்டிமேல் அடித்தால் சித்திரை வெயிலைவிட மோசம். மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு நேராகத் தொட்டியை வைக்காதீர்கள். சுவர் மேலே சின்னதாகக் காற்றுவழி இருக்கட்டும், அது போதும்.

எண்ணெய் விஷயத்தில் எங்கள் ஊரிலேயே தப்பு நடக்கிறது. காங்கேயம் கொப்பரைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பேர் போனது, கையில் இருக்கிற எண்ணெயைத் தொட்டிக்குத் தேய்த்துவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் என்றைக்கும் காயாது. மரத்தின் மேலேயே நின்று சிக்கு வாடை அடிக்கும், தூசி ஒட்டும், பூஞ்சைக்குத் தீனியாகும். காற்றுப் பட்டால் இறுகுகிற எண்ணெய்தான் வேண்டும். ஆளிவிதை எண்ணெய், கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதையும் வெளிப்பக்கத்துக்குத்தான் நான் பூசுகிறேன், மெல்லிசாக, இரண்டு கை. உள்பக்கத்தைப் பச்சையாக விட்டுவிடுவேன், மரம் தண்ணீர் குடிக்க வேண்டும் அல்லவா. லின்சீட் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து விரித்துக் காயப்போட வேண்டும். மரத்தூள் நிறைந்த பட்டறையில் இருக்கிறவன் என்பதால் இதை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இனித் தண்ணீர்க் கணக்கு. மூன்றடி விட்டத் தொட்டியில் இரண்டடித் தண்ணீர் நிறுத்தினால் 400 லிட்டர், அதாவது 400 கிலோ. நீளத்தொட்டி என்றால், ஐந்தடிக்கு இரண்டரையடி, ஒன்றரையடி ஆழம் வைத்தால் 530 லிட்டர். தொட்டியின் எடை, ஆள் எடை எல்லாம் சேர்த்தால் அறுநூற்றைம்பது, எழுநூறு கிலோ ஒரே இடத்தில் உட்கார்கிறது. வீட்டு மாடித்தளங்களைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ பாரம் என்ற கணக்கில்தான் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். மாடியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னைக் கேட்கக் கூடாது, கட்டிடப் பொறியாளரைக் கேட்க வேண்டும். கீழ்த்தளத்தில் வைத்தாலும் நேராகத் தரையில் வைக்காமல் கருங்கல் கட்டைமேல் நான்கு அங்குலம் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓடும், கறையானும் கண்ணில் படும்.

வெந்நீருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டால் கீசர் இருக்கிறதே என்கிறார்கள். 400 லிட்டரை உடம்புக்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர, 25 லிட்டர் கீசர் ஆறு முறை முழுதாகக் காய வேண்டும். ஆறாவது காய்வதற்குள் முதல் தண்ணீர் ஆறிவிடும். புழக்கடையில் பெரிய செம்புப் பாய்லர் ஒன்றைத் தேங்காய்ச் சிரட்டை போட்டு எரிக்க இடம் இருந்தால் மரத்தொட்டிக்கு யோசியுங்கள்.

தண்ணீரின் குணத்தையும் பார்க்க வேண்டும். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் மரம் பட்டு மாதிரி இருக்கும். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஒரே மாதத்தில் வெள்ளைப் பொரி தட்டும். அதைச் சுரண்ட எடுக்கிற கம்பிப் பிரஷ்தான் தொட்டிக்கு எமன். புளிக்கரைசலைத் தடவிக் கால் மணி நேரம் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தால் போய்விடும்.

அரப்பு, சீயக்காய் தேய்ப்பதைத் தொட்டிக்குள் செய்யாதீர்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அப்படியே தொட்டியில் இறங்கினால் எண்ணெயும் அரப்பும் பலகை இடுக்கில் போய் உட்கார்ந்து புளித்துவிடும். ஜப்பானில் வெளியே உட்கார்ந்து அழுக்கையெல்லாம் கழுவிவிட்டுச் சுத்தமான உடம்போடுதான் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். நமக்கும் இது புதுசு இல்லை. என் அப்பாரு கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து அரப்புத் தேய்த்துத் தண்ணி வாத்த பிறகுதான் தொட்டியில் இறங்குவார். அதில் மாடும் தண்ணி குடிக்குமே என்பார். ஆகவே தொட்டி வைக்கிற குளியலறையில் குளிக்கிற கல் ஒன்றும் அதற்குத் தனி வடிகாலும் கட்டாயம் வேண்டும். உங்கள் பக்கத்தில் வந்த படத்தில் அந்தக் கல் இல்லை. கட்டுகிறவர்கள் அதைப் பார்த்து அப்படியே கட்டிவிடுவார்கள்.

ஈரமாகவே வைத்திருங்கள் என்று நான் சொன்னதும், கொசு வராதா என்று தாய்மார்கள் கேட்பது முழு நியாயம். டெங்கு பரப்புகிற கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். அடியில் மூன்று அங்குலம் தண்ணீர் வைத்து, மேலே இறுக்கமாகப் பலகை மூடி போட்டு, வாரம் ஒருமுறை முழுதாகத் திறந்துவிட்டு உள்பக்கத்தைத் தேய்த்துப் புதுத்தண்ணீர் விட வேண்டும். இதைச் செய்ய வீட்டில் ஆள் இல்லையென்றால் மரத்தொட்டி வாங்காதீர்கள் என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு வேலை கை நழுவிப் போயிருக்கிறது. பிசின் பூசி உள்ளும் புறமும் அடைத்த தொட்டிகளும் வருகின்றன. அவை காய்ந்தாலும் பெரிதாக விரியாது. ஆனால் பூச்சில் கீறல் விழுந்து தண்ணீர் உள்ளே போய்விட்டால் வெளியே வர வழியில்லை, பூச்சுக்கு அடியிலேயே மரம் அழுகும். வருசத்தில் பத்து நாள் தங்குகிற வீட்டுக்கு நம் ஊர்க் கருங்கல் தொட்டியே போதும். நாட்டுப்புற அழகுக்கு அதில் என்ன குறை?

ஆசிரியர் அவர்களுக்கு என் கோரிக்கை ஒன்றுதான். அடுத்த முறை இப்படி ஒரு படம் போடும்போது, என்ன மரம், என்ன பட்டா, எங்கே எப்படி வைத்துக் காப்பது என்பதையும் நான்கு வரி சேர்த்துப் போடுங்கள். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் மரங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதலாம். உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுக் கடன் வாங்கியாவது செய்கிறவர்கள் எங்கள் ஊர்களில் உண்டு.

அமராவதிக் கரைத் தொட்டி இப்போது நன்றாக இருக்கிறது. தோட்டத்தில் குடியிருக்கிற பண்ணையத்துக்காரரின் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் மாற்றுகிறார். அதற்குத் தனியாகச் சம்பளம் கொடுக்கச் சொன்னேன், கொடுக்கிறார்கள். போன மாதம் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். நடுப்பட்டா மட்டும் ஒரு நூல் கீழே இறங்கியிருக்கிறது. ஐப்பசி மழை பிடித்து மரம் ஊறி உப்புவதற்கு முன்பே போய்த் தட்டி ஏற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஒரு தச்சுத் தொழிலாளி,
காங்கேயம் வட்டம்.